உத்தேச விடை

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, திருவண்ணாமலையில் டயாலிசிஸ் முடிந்து கட்டிலை விட்டு இறங்கியபோது கலையரசனின் எடை ஐம்பத்தெட்டு கிலோ அறுநூறு கிராம்.

இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் சுஹைல் அதைச் சீட்டில் எழுதினான். எழுதியபடியே சொன்னான்.

"வெள்ளிக்கிழம பதினோரு மணிக்கு வந்துடுங்கண்ணா. ரெண்டரை கிலோவுக்கு மேல ஏறக் கூடாது. போன மாசம் ஒரு தடவ மூணேமுக்கால் ஏத்திக்கினு வந்தீங்களே, அந்த மாதிரி பண்ணாதீங்க."

"நான் இன்னாப்பா பண்றேன். அளந்து குடுக்கிறது எம்பொண்ணு. அவ கணக்கு, அவ பாடு."

சுஹைல் சிரித்தான். கலையரசனும் விளையாட்டாகத்தான் சொன்னான். கட்டில் பக்கம் பள்ளிக்கூடப் பையோடு நின்றிருந்த மதிவதனி சிரிக்கவில்லை. பையிலிருந்து நாற்பது பக்க நோட்டை எடுத்து 58.6 என்று எழுதிக்கொண்டாள். சிந்துஜா புருஷனின் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். அவன் விரல்களில் இன்னும் மரமரப்பு இருந்தது.

சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய் ஒன்றரை வருஷம் ஆகிறது. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. உடம்பிலேயே தங்கி, முதலில் காலில் இறங்கும், பிறகு முகத்தில் ஏறும், அதற்கும் மேல் போனால் நுரையீரலில் நிற்கும். செவ்வாயும் வெள்ளியும் இயந்திரம் அதை இழுத்துவிடும். சாப்பாட்டில் சேரும் ஈரம் வேர்வையோடும் மூச்சோடும் போய்விடும், அதை விட்டுவிடுங்கள், டம்ளரில் குடிப்பதை மட்டும் அளந்தால் போதும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். இரண்டு முறைக்கு நடுவில் இரண்டரை லிட்டர். சிந்துஜாவுக்கு அது புரிந்தது. அதை நாளுக்கு இவ்வளவு என்று பிரிப்பதுதான் வரவில்லை. ஒன்பதாவது வரை படித்தவள்தான், ஆனால் மூன்றால் வகுத்தால் மீதி வந்துகொண்டே இருந்தது. முடியாத கணக்கு அவளுக்குப் பயமாக இருந்தது.

அதை முடித்துவைத்தது மதிவதனி. அடி அண்ணாமலைப் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறாள். டிசம்பர் மாதம் சக்திவேல் சார் வகுப்பில் சொல்லியிருந்தார். வகுத்தல் கணக்கைப் போடுவதற்கு முன்னால் விடை உத்தேசமாக எவ்வளவு வரும் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும். கொடுத்த எண் முரண்டு பிடித்தால், அதன் பக்கத்தில் சுலபமாக வகுபடுகிற எண் ஒன்று இருக்கும், அதை எடுத்துக்கொள்ளலாம். பிறகு கணக்கைப் போட வேண்டும். போட்ட விடை உத்தேசத்துக்குக் கிட்டத்தில் இருந்தால் சரி. தூரமாக இருந்தால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே அவள் சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதினாள்.

"ரெண்டாயிரத்து ஐந்நூற மூணால வகுக்க முடியாது மா. பக்கத்துல ரெண்டாயிரத்து நானூறு கீது. அத மூணால வகுத்தா எண்ணூறு. ஒரு நாளைக்கு எண்ணூறு."

"நூறு எங்க போச்சு?"

"நூற விட்டுடணும். உத்தேசம்னா அப்படித்தான்."

கலையரசன் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். "உத்தேசம்னா நெனப்புன்னும் ஒண்ணு இருக்குது கண்ணு. வீடு கட்ற உத்தேசம் இருக்குதான்னு கேக்கிறாங்க இல்ல?"

"அது வேற உத்தேசம் பா. இது கணக்கு உத்தேசம்."

மதிவதனி கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய பால் புட்டி பரணில் இருந்தது. அதில் கோடும் எண்ணும் அழியாமல் இருந்தன. அதை வைத்து அளந்தபோது வீட்டுக் காபி டம்ளர் நூற்றிருபது பிடித்தது. எண்ணூறை நூற்றிருபதால் வகுத்தால் ஆறே முக்கால் போல வருகிறது. ஏழுக்குத்தான் கிட்டம். மதிவதனி ஆறு என்று எழுதினாள். அதே கணக்கைச் சாருக்கும் போட்டுக் காட்டினாள். அவர் ஆறைச் சிவப்பில் சுழித்து, பக்கத்தில் ஏழு என்று எழுதிக் கொடுத்தார்.

"சார் தப்புன்னு போட்டுட்டாரு மா."

"அப்ப ஏழு குடுக்கலாமா?"

"வாணாம். அப்பாவுக்கு எப்பவும் கீழதான்."

மூன்று நாள் இடைவெளி என்றால் நாளுக்கு ஆறு டம்ளர். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் நான்கு நாள், அப்போது ஐந்து. குடித்த டம்ளருக்கு ஒரு கோடு. இப்படியே ஓடியது. எடை இரண்டு கிலோ, இரண்டேகால் என்று ஏறியது. சுஹைல் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தான்.

தை மாதம் ஒருமுறை மூன்றரை ஏறியது. மதிவதனி வீட்டுக்கு வந்து கணக்கைத் திரும்பப் போட்டாள். இரண்டாயிரத்து நானூறு, மூன்று, எண்ணூறு. தப்பு தெரியவில்லை. தெரியாவிட்டாலும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஒரு டம்ளரைக் குறைத்தாள். மாசியில் மறுபடியும் ஒருமுறை மூன்றே முக்கால். இன்னொரு டம்ளரைக் குறைத்தாள். இப்போது மூன்று நாள் இடைவெளிக்கே நாளுக்கு நாலு டம்ளர்தான். கலையரசன் ஒன்றும் சொல்லவில்லை. உதட்டை நாக்கால் நனைத்துக்கொள்வான். நாக்கிலும் ஈரமிருக்காது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பில் கை தூக்குவதை அந்தப் பெண் நிறுத்திவிட்டதாகச் சக்திவேல் சார் சிந்துஜாவிடம் சொன்னார். சரிங்க சார் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

சிந்துஜாவுக்குத் தெரியும். இரண்டு முறையும் நடுவில் பௌர்ணமி வந்திருந்தது.

அவர்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டினாற்போல இருந்தது. ஆட்டோவை விற்ற பிறகு கலையரசன் வாசலில் ஒரு பலகை போட்டுக் கற்பூரம், நெய் விளக்கு, ஊதுவத்தி வைத்தான். மற்ற நாளில் ஈ ஓட்டலாம். பௌர்ணமியில் லட்சக்கணக்கில் ஆள் நடக்கும். நடக்கிற ஆளுக்கெல்லாம் யாராவது ஏதாவது கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். விழுப்புரத்துக் குழு ஒன்று, ஆந்திராவிலிருந்து லாரியில் வருகிற குழு ஒன்று, ஊர்க் கடைக்காரர்கள் என்று இருபது அடிக்கு ஒரு பந்தல். நீர்மோர், பானகம், ரஸ்னா, தர்பூசணித் துண்டு, கூழ். எதிரில் நிற்பவன் வேண்டும் என்கிறானா என்று யாரும் கேட்பதில்லை, கையில் திணிப்பார்கள். அந்தப் பாதையில் கொடுப்பதை வேண்டாமென்று சொல்லக் கூடாது. அண்ணாமலையார் யார் கையால் கொடுப்பார் என்று தெரியாது என்பார்கள். பிறந்ததிலிருந்து கலையரசன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அதில் இரண்டாவது பௌர்ணமி முடிந்த மறுநாள் பலகைக்குக் கீழே சிந்துஜா பெருக்கினாள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய காகிதக் கப்புகள் வந்தன. முழ நீளம் இருந்தது. குப்பையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் ஏதாவது செய்தாக வேண்டும். அவளுக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லாதது போல இருந்தது.

செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் அவள் அறை சுத்தம் செய்கிறாள். பதினோரு அறை. விரிப்பை உருவுவது, உதறுவது, குளியலறையைத் தேய்ப்பது, விரிப்புகளை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய்க் காயப்போடுவது. தங்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் தண்ணீர் பாட்டிலை வாங்கிப் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போவார்கள். கட்டிலடியில் ஒன்று, ஜன்னலில் ஒன்று, குழாயடியில் இரண்டு. எல்லாவற்றையும் திறந்து கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டுப் பாட்டிலை நசுக்கிச் சாக்கில் போட வேண்டும். ஊற்றும்போது முன்னெல்லாம் ஏதோ தோன்றும். இப்போது தோன்றுவதில்லை.

மார்ச் 13, வியாழக்கிழமை முற்பகலிலேயே பௌர்ணமி பிறந்துவிட்டது. அன்று மூன்று மணிக்கு வேலை முடிந்து நடந்தே வந்தாள். பாதையில் வண்டி விடவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக வந்ததில் வீடு சேர ஒன்றரை மணி நேரம் பிடித்தது. தார் சுட்டது. செருப்பில்லாமல் நடந்தவர்கள் ஓரத்து மண்ணுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள்.

கலையரசன் பலகைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கடை பாஞ்சாலையுடையது. எலுமிச்சம்பழம், வெள்ளரிக்காய், அதோடு ஓரத்தில் ஒரு எடை பார்க்கும் மெஷின். பாஞ்சாலைக்கு வாய் ஓயாது.

"வாம்மா வெள்ளக்காரி. தொரைங்க எல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியங்க்கா."

"உம் புருசன் யாவாரம் பண்றாருன்னு நெனைக்கிற. கற்பூரம் கேட்டா வெள்ளரிக்கா கடைக்குப் போன்னு சொல்றாரு. இங்க எம்பாட்ட கேட்டுக்கினு தூங்கறாரு."

"நீ பாடுனா எவங்க்கா தூங்குவான்," என்றான் கலையரசன்.

அவன் மீசையில் ஈரம் இருந்தது. மோரின் கறிவேப்பிலைத் துணுக்கு ஒன்று முகவாயில் ஒட்டியிருந்தது. சிந்துஜா பார்த்தாள். அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான்.

"மூஞ்சி கழுவனேன். வேர்க்குது."

"ம்."

உள்ளே போனாள். உருளைக்கிழங்கை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி தண்ணீர் வைத்து வேகவைத்தாள். காயிலுள்ள பொட்டாசியம் அவனுக்கு ஆகாது, அப்படித்தான் செய்ய வேண்டும். உப்பு ஒரு சிட்டிகை. மதிவதனி நோட்டோடு வந்தாள்.

"இன்னிக்கு மூணுதான் மா ஆயிருக்குது. கோடு கரெக்டா கீது. நானே கேட்டு கேட்டுப் போட்டேன்."

"சரி."

"இந்தத் தடவ தப்பாது இல்ல?"

சிந்துஜா கிழங்கைக் கிளறினாள். "சாப்பிடு," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு அவன் எழுந்து உட்கார்ந்துகொண்டு பலகையை எடுத்து வைக்கச் சொன்னான். எட்டு மணிக்குத் திரும்பப் பார்த்தபோது முக்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். முகம் பிசைந்து வைத்த மாவுபோல் இருந்தது. பதினோரு மணி வரைக்கும் தாங்காது என்பது பார்த்தாலே தெரிந்தது.

"படுக்கிறியா?"

"படுத்தா... அடைக்குது."

பாதையில் இன்னும் கூட்டம் குறையவில்லை. நடுப்பகல் வரைக்கும் தடுப்பை எடுக்கமாட்டார்கள். சிந்துஜா செழியனுக்குப் போன் போட்டாள். கலையரசனோடு ஒரே ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டியவன்.

"அண்ணி, அங்க வர முடியாது. விட மாட்றானுங்க. ஏரிக்கர பக்கமா வந்து நிக்கிறேன். அதுவரைக்கும் எப்படியாச்சும் இட்டாந்துடுங்க."

ஏரிக்கரை ஒரு கிலோமீட்டர். பாஞ்சாலை ஒரு வார்த்தை பேசாமல் தள்ளுவண்டியிலிருந்த வெள்ளரிக்காயையும் எலுமிச்சையையும் சாக்கில் கொட்டினாள். வண்டியில் கோணியை விரித்தாள். எழுப்பி நிறுத்தியபோது மதிவதனி எடை மெஷினைக் காட்டினாள்.

"ஒரு தடவ ஏறு பா."

"இப்ப இன்னாடி எட," என்றாள் பாஞ்சாலை.

"சுஹைல் அண்ணன் மொதல்ல அதத்தான் கேப்பாரு."

ஏறினான். அறுபத்திரண்டு கிலோ தொள்ளாயிரம். மதிவதனி நோட்டைத் திறக்கவில்லை. நின்ற இடத்திலேயே உதடு அசையக் கணக்குப் போட்டாள்.

"நாலாயிரத்து முந்நூறு ஏறியிருக்குது. நான் குடுத்தது நாலு நாலா மூணு நாளு. பன்னெண்டு டம்ளர். ஆயிரத்து ஐந்நூறுகூட இல்ல." அம்மாவைப் பார்த்தாள். "ரொம்ப தூரம் மா. வகுத்ததுல தப்புன்னா இவ்ளோ தூரம் வராது. சார் சொல்லிருக்காரு. எண்ணே தப்பா எழுதிக்கினாத்தான் இப்படி வரும்."

பெரியவர்கள் இருவருமாகச் சேர்ந்து அவனை வண்டியில் உட்கார வைத்தார்கள். சிந்துஜா பின்னாலிருந்து தள்ள, பாஞ்சாலை முன்னால் இழுத்தாள். மதிவதனி அப்பாவின் முதுகு சாயாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள்.

"மிச்சம் ரெண்டாயிரத்து எண்ணூறு," என்றாள் அவள். "ரெண்டாயிரத்து நானூறுன்னு வச்சாலே இருபது டம்ளர். இருபதுக்கு மேல குடிச்சிருக்க பா. எங்க குடிச்ச?"

அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"அது தண்ணி இல்ல கண்ணு."

"பின்ன?"

"சாமி... குடுத்தது. பிரசாதம். அது கணக்குல... வராதுன்னு..." மூச்சு வாங்கினான். "உத்தேசம் பண்ணி... குடிக்கல."

வண்டிச் சக்கரம் ஒன்று கீச்சிட்டது.

"தை மாசமும் இதேதானா?"

"ம்."

"அப்ப என் கணக்கு சரியா?"

"சரிதான் கண்ணு."

"அப்பறம் ஏன் பா நான் டம்ளர கொறச்சப்ப ஒண்ணும் சொல்லல?"

சிந்துஜா வண்டியின் குறுக்குக் கட்டையைப் பார்த்தபடி தள்ளினாள். கேள்வி தன் பக்கமும் திரும்பும் என்று எதிர்பார்த்தாள். திரும்பவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பாள். தெரியும் என்று சொல்லியிருப்பாள், அதற்குமேல் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை.

கூட்டம் எதிரே வந்தது. வண்டியில் உட்கார்ந்து வருகிறவரை யாரோ வேண்டுதல்காரர் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் கும்பிட்டார். ஏரிக்கரைத் திருப்பத்தில் கடைசிப் பந்தல். துண்டை இடுப்பில் கட்டியிருந்த ஆள் ஒருவர் இரண்டு கையிலும் கப்போடு குறுக்கே வந்து கலையரசன் கையில் ஒன்றைத் திணித்தார்.

"குடிங்க சாமி. வெயிலு."

கலையரசனின் விரல்கள் கப்பைச் சுற்றி மூடிக்கொண்டன. சிந்துஜா தள்ளுவதை நிறுத்தினாள்.

மதிவதனி கப்பை அவன் கையிலிருந்து வாங்கி அந்த ஆளிடமே நீட்டினாள்.

"வாணாங்க."

"பிரசாதம்மா. இந்தப் பாதையில வாணான்னு சொல்லக் கூடாது."

"இதுவும் கணக்குல வருங்க," என்றாள் அவள்.

அந்த ஆள் அவளையும் வண்டியையும் பார்த்தார். கப்பை வாங்கிக்கொண்டார். "வழி விடுங்கப்பா," என்று பின்னால் இருந்தவர்களுக்குக் குரல் கொடுத்தார்.

செழியன் கரையில் ஆட்டோவைத் திருப்பி நிறுத்தியிருந்தான். சுற்று வழியாகப் போனதில் மருத்துவமனை சேர ஒன்பதே முக்கால் ஆனது. சுஹைல் பார்த்தவுடனே ஆக்சிஜனை மாட்டி, வேறு ஒருவருடைய முறையைத் தள்ளிவைத்து இயந்திரத்தைக் கொடுத்தான். மதிவதனி எடையைச் சொன்னதும், "இன்னாண்ணா இது," என்றான். பிறகு மதிவதனியைப் பார்த்தான்.

"டாக்டரம்மா, நாலாயிரத்து முந்நூற நாலு மணி நேரத்துல எடுக்கணும். மணிக்கு எவ்ளோ?"

"ஆயிரத்துக்கு மேல."

"அவ்ளோ எடுத்தா உங்கப்பா தாங்க மாட்டாரு. எழுநூத்தம்பதுதான் எடுக்கலாம். மிச்சத்துக்கு நாளைக்கு வரணும்."

"எழுநூத்தம்பதுன்னா மூவாயிரம்," என்றாள். "ஆயிரத்து முந்நூறு மிச்சம்."

"அதேதான்."

அவன் மதிவதனியிடம் பேனாவைக் கேட்டு வாங்கிச் சீட்டில் எழுதினான். சிந்துஜா கட்டில்காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். வண்டி தள்ளியதில் உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. கலையரசனின் பாதத்தை விரலால் அமுக்கிப் பார்த்தாள். குழி விழுந்து அப்படியே நின்றது. விடுதிக்கு இன்று வரவில்லை என்று சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. போனை எடுக்கவில்லை.

"அந்தக் கப்புங்கள நான் பாத்தேன்," என்றாள், யாரைப் பார்த்தும் இல்லாமல். "போன மாசமே."

மதிவதனி நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எத்தினி இருந்துச்சு மா? உத்தேசமா."

"முழம் இருக்கும்."

மதிவதனி அதை எழுதவில்லை. டம்ளர், எடை என்று இருந்த இரண்டு கட்டத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் இழுத்து, மேலே பிரசாதம் என்று எழுதினாள்.

அன்று மூன்று லிட்டர் எடுத்தார்கள். சனிக்கிழமை மீதி ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் மேல். அடுத்த வாரத்திலிருந்து டம்ளர் பழையபடி ஆறும் ஐந்துமாக ஆனது.

அடுத்த பௌர்ணமி ஏப்ரல் 12, சனிக்கிழமை. கலையரசன் பலகை போட்டு உட்கார்ந்தான். பிரசாதக் கட்டத்தில் அன்று மூன்று கோடு விழுந்தது, டம்ளர் கட்டத்தில் இரண்டு. ஏப்ரல் 15, செவ்வாய்க்கிழமை காலை மருத்துவமனையில் எடை அறுபத்தொரு கிலோ இருநூறு. நாலு நாளைக்கு உத்தேசம் இரண்டாயிரத்து நானூறு. ஏறியது இரண்டாயிரத்து அறுநூறு. மதிவதனி இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் கிட்டம் என்று போட்டு நோட்டை மூடினாள்.